நூற்றியெட்டுக் குடமும் அனாட்டமித் தேர்வும்

அம்மனே கதி என்று இருப்பவர்கள் படிக்கிற பக்கம் இது என்பதால் கூச்சப்படாமல் எழுதுகிறேன். போன ஐப்பசியில், டாக்டர் படிப்பே வேண்டாம் என்கிற அளவுக்கு மனது உடைந்து ஊருக்கு வந்து சேர்ந்தவள் நான்.

முதலாம் ஆண்டில் உடற்கூறியல், அதாவது அனாட்டமியில் தோற்றுப்போனேன். படிக்காமல் தோற்றிருந்தால் மனது ஆறியிருக்கும். விடுதியில் எல்லோரும் சாப்பிடப் போகும்போதும் புத்தகத்தை விட்டு எழாதவள் நான். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே கூடாது, அதுதான் படிப்பு என்று நம்பியிருந்தேன். அம்மனிடம் ஞாபகசக்தி கேட்காத நாளில்லை. ஆனாலும் தேர்வறையில் பேனாவை எடுத்தால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. மறுதேர்வு ஒன்று இருந்தது. அதிலும் தவறினால் என் தோழிகள் எல்லோரும் மேலே போய்விடுவார்கள். நான் மட்டும் புதிதாகச் சேர்கிறவர்களோடு மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டும். அழுது அழுது கண் வீங்கியதுதான் மிச்சம்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். வீட்டிலேயே இரண்டு விசைத்தறி ஓடுகிறது. நான் வந்து இறங்கிய அன்றுதான் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கி, கம்பம் நட்டிருந்தார்கள். கிளை பிரிந்த மரக்கம்பம் அது. அதை அம்மனின் கணவராக நினைத்து, திருவிழா முடியும்வரை ஊர்ப் பெண்கள் எல்லோரும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஊற்றுவோம்.

அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"நீ பாஸாகோணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன் சாமி. நூத்தியெட்டுக் கொடம் உங்கையால கம்பத்துக்கு ஊத்தோணும். செருப்புப் போடாம, போனை எடுக்காம, போற வழியில ஆருகிட்டயும் பேசாம."

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, பரீட்சை நெருங்கிருச்சு. இப்பப் போயி கொடம் தூக்கறதா? வேண்டிக்கிட்டது நீதானே, நீயே ஊத்திக்கோ."

"நானா பரீட்சை எழுதறேன்?" என்றார். திரும்பிப் போய்த் தறியை ஓட்டினார்.

சரி, இந்த வேண்டுதலை முதலில் ஒரேயடியாக முடித்துவிட்டால் பிறகு நிம்மதியாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். படிப்பில் பண்ணியதையே சாமியிடமும் பண்ணினேன். மறுநாள் விடிந்ததும் தெருக்குழாய்க்கும் கோயிலுக்கும் நடையாய் நடந்தேன். மதியத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போனது. சாயங்காலம் பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. படிப்பும் போச்சு, குடமும் முடியவில்லை.

கம்பத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து அழுதேன். "ஆத்தா, புத்தகத்தோட உக்காந்தாலும் தோக்கறேன். உனக்குச் செஞ்சாலும் தோக்கறேன். நான் என்னதான் பண்ணட்டும்?" வேறு பிரார்த்தனை எனக்கு வரவில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்துத் தறிக்காரம்மா ஒரு குடம் ஊற்றினார், கும்பிட்டார், வேலைக்குப் போய்விட்டார். காலையிலும் அவரை அங்கே பார்த்திருந்தேன். வந்த பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான். மாங்கு மாங்கென்று ஓடியது ஊரிலேயே நான் ஒருத்திதான். ஒரு தடவை படிப்பு, ஒரு குடம் தண்ணீர் என்று அந்த நிமிடம் என் மனதில் தோன்றியது. அதை அம்மன் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

அடுத்த நாள் முக்கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்தேன். அடிக்கிறவரை புத்தகம். அடித்துவிட்டால் பாதி வரியில் இருந்தாலும் மூடிவிட்டுக் குடத்தை எடுக்க வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கையில் போன் இல்லை, வாய் திறக்கக் கூடாது. சும்மா இருக்க முடியாத மனது, படித்ததைத் தானாகவே சொல்லிப் பார்க்க ஆரம்பித்தது. தடுக்கிய இடத்தை வீடு திரும்பியதும் முதலில் பார்ப்பேன். குழாயடியில் "ஏஞ்சாமி, ரிசல்ட்டு என்னாச்சு?" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேண்டுதலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நாள் போகப் போகப் பயம் தணிந்தது. பசித்தது, தூக்கம் வந்தது, படித்தது மனதில் நின்றது. கம்பம் பிடுங்குவதற்கு முதல் நாள் நூற்றியெட்டாவது குடத்தை ஊற்றினேன்.

மறுதேர்வில் வாய்மொழித் தேர்வுதான் எனக்கு எமன். தேர்வாளர் இடுப்பெலும்பைக் கையில் கொடுத்து, ஒரு காலைத் தூக்கி நின்றால் இடுப்பு ஏன் அந்தப் பக்கம் சரிவதில்லை என்று கேட்டார். ஆத்தா என்றேன் மனதுக்குள். கை தானாக இடுப்புக்குப் போனது, குடம் வைக்கிற இடத்துக்கு. குழாயடியிலிருந்து கோயில்வரை எத்தனை தடவை சொல்லிப் பார்த்த பாடம்! ஊன்றிய காலின் பக்கம் இடுப்பைப் பிடித்து நிறுத்தும் குளூட்டியஸ் மீடியஸ் தசை, அதற்கு வரும் நரம்பு, அது கெட்டால் எந்தப் பக்கம் இடுப்பு இறங்கும் என்பது வரை மளமளவென்று வந்தது.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "ஏம்மா, இடுப்புல கொடம் வெச்ச மாதிரியே நிக்கறே?"

"ஆமாங்க சார், நூத்தியெட்டு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

பாஸ்! முடிவு வந்த அன்று நான் கத்தியது தறிச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு தறியையும் நானே நிறுத்தினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். கட்டிக்கொண்டு அழுதார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கம்பம் இல்லை, குழியை மூடிய ஈரமண் மட்டும் இருந்தது. அதன் மேல் ஊற்றினேன். அது யாரும் வேண்டிக்கொள்ளாத குடம்.

இப்போது இரண்டாம் ஆண்டு. விடுதியில் அலாரம் அடித்தால் சொம்பை எடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கீழே இருக்கிற வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன். முதலில் கேலி செய்த அறைத்தோழிகள் இரண்டு பேரும் இன்று ஆளுக்கொரு சொம்போடு பின்னால் வருகிறார்கள்.

படித்தும் தோற்று, இனி முடியாது என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அம்மனிடம் கேளுங்கள். கேட்டது ஒன்று, வந்தது வேறு என்று என்னைப் போலக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஞாபகசக்தி கேட்டேன். ஆத்தா குடத்தைக் கொடுத்தாள். நம்பித் தூக்குங்கள்.