தகரக் காருக்குள் தம்பி

வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் அக்காவுக்குத் தம்பியை நினைத்தாலே வாய் கசக்கும். ஐம்பதைத் தொடப்போகிற ஆம்பிளை. வீடு முழுக்கக் குழந்தைகள் மிதித்து ஓட்டும் பழைய தகரக் கார்கள். ஒன்றில்கூட அவன் ஒரு குழந்தையை உட்காரவிட்டதில்லை. பெற்ற மகளே கிட்டப் போனாலும் "பெயின்ட் போயிடும், கையை எடு!" என்று சீறுவான். சலித்துப்போன மனைவி மகளோடு தாய்வீடு போனபோது அவன் பம்பர் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் நூலக மண்டபத்தில் கண்காட்சி வைத்தான். சுற்றிலும் கயிறு. கிழிந்த சீட்டுகளுக்கு ரெக்சின் போட அக்கா தேவைப்பட்டாள். வந்து மூலையில் உட்கார்ந்து தைத்தாள்.

"முதல்ல தகரம். பெரிய வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் கிடைக்கும். உலகப் போர் வந்து இரும்பு தட்டுப்பாடாச்சு, கார் செய்யறதே நின்னுச்சு. அப்புறம் பிளாஸ்டிக். இப்ப பேட்டரி, காலுக்கு வேலையே இல்ல" என்று அவன் வந்தவர்களிடம் முழங்கினான்.

"நான் ஓட்டட்டுமா?" என்றாள் ஒரு சிறுமி.

"இது பார்க்கிறதுக்கு, பாப்பா."

'சோத்தையும் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதுதானே' என்று முணுமுணுத்தாள் அக்கா.

பத்திரிகைக்காரர் வந்தார். "ஒண்ணுல உட்காருங்க சார், படம் நல்லா வரும்" என்றார். ஊரையெல்லாம் கை நீட்டித் தடுத்தவன், சிவப்புக் காருக்குள் சட்டென்று இறங்கிவிட்டான். படம் எடுத்தாயிற்று. எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பைத் தகரம் கவ்விக்கொண்டது. இரண்டு பேர் தூக்கினார்கள். காரும் கூடவே எழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்கா!"

அக்கம்பக்கத்தில் தேடித் தகரம் வெட்டும் கத்தரி வாங்கி வந்தாள்.

"வெட்டாதக்கா! ஒரிஜினல் தகரம்! மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்."

"இத்தனை வருஷம் தின்னதை ஒரு மூச்சுல இழுத்துடுவியா?"

பக்கத் தகட்டை வெட்டினாள். வெளியே வந்தவன், வெட்டுப்பட்ட இடத்தைத் தடவித் தடவி அழுதான். பெண்டாட்டி போன அன்று ஒரு சொட்டு வரவில்லை.

பற்றவைத்துப் பெயின்ட் அடித்த அந்தக் கார் அடுத்த கண்காட்சிக்கும் வந்தது. ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, "சின்னப் பசங்க ஏறிக் குதிச்சு நாசம் பண்ணிட்டாங்க" என்று அவன் கூசாமல் சொல்வதை, மூலையில் தைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். ஊசியையும் நூலையும் பைக்குள் போட்டாள்.

"இனி வேற ஆளைப் பாரு."

"ஏன்க்கா?"

"பிள்ளைங்க தலையில பழியைப் போடறவனுக்கு நான் தைக்க மாட்டேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கையில இருக்கிற இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக் குடுத்துடேன்."

பாதி தைத்த உறையை அவன் கையிலேயே திணித்துவிட்டு அக்கா படியிறங்கினாள்.