தலைகீழ் மாதுளை

அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிட்னியில் பழங்கால உடைகளைத் திரும்பச் செய்கிற பட்டறை ஒன்றில் அவள் பொறுப்பாளர், சென்னைக்காரி. நான் அங்கே நெசவுக்கு மாதிரி வரைகிறவள், தைக்கிறவளும் நான்தான். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலேயச் சீமாட்டி ஒருத்தியின் ஓவியத்தைப் பார்த்து, அவளுடைய கவுனின் துணியை அப்படியே நெய்ய வேண்டும். சிவப்புப் பட்டில் பொன்னிற மாதுளைகள். நார்த்மீட்டில், என் வீட்டுக் குசினி மேசையில் கட்டத்தாளை விரித்து, அந்த மாதுளையை இழை இழையாக வரைந்தேன். கண் அவிந்துபோனது.

அப்போதுதான் கண்டேன், படத்தில் கவுனின் ஒரு கையில் மட்டும் மாதுளைகள் தலைகீழாக இருந்தன.

“ஓவியன் தப்பு பண்ணிட்டான். ரெண்டு கையும் ஒரே மாதிரி வெட்டுங்க,” என்றாள்.

“இல்லை மேடம், துணி போதாமப் போயிருக்கு. திருப்பிப் போட்டு வெட்டியிருக்கினம். என்ர கலியாணக் கூறைச் சட்டைக்கும் இதுதான் நடந்தது. ஒரு கையில மாங்காய் எல்லாம் தலைகீழ்.”

“அரண்மனைப் பொம்பளைக்குத் துணி பத்தாம போகுமா? உங்க கல்யாணத்தையும் இதையும் சேர்க்காதீங்க.” அதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் அந்தக் காலத்துத் தறியின் அகலத்துக்குத் தாளை வெட்டி, கவுனின் துண்டுகளை அதன்மேல் அடுக்கிக் காட்டினேன். இரண்டாவது கை, திருப்பிப் போட்டால் மட்டுமே அடங்கியது. பார்த்தாள். “சரி, தலைகீழாவே தைச்சிடுங்க,” என்றாள்.

இதைக் கண்டுபிடித்தது நான் என்று கண்காட்சி அட்டையில் ஒரு வரி போடச் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். பார்க்கலாம் என்றாள்.

திறப்பு நாளில் அட்டையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. கவுன் போட்ட பொம்மைக்குப் பின்னால் நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். தன் அம்மாவின் கல்யாண ரவிக்கை ஞாபகத்துக்கு வந்ததாம், அதில்தான் விஷயம் பிடிபட்டதாம். என் கூறைச் சட்டையையே களவெடுத்துவிட்டாள்!

பிறகு, “இதோ அந்தக் கை,” என்று இடது பக்கம் தொட்டாள். படத்தில் அது இடப்பக்கம்தான். ஆனால் அவள் நின்றது பொம்மைக்குப் பின்னால்; அங்கிருந்து அது வலப்பக்கம். தைத்தவளுக்கு அந்தக் குழப்பம் வராது.

“அதில் பழங்கள் நேராகத்தானே இருக்கின்றன?” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

அவள் முகம் சிவந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, தமிழில் கேட்டாள். “எந்தக் கைங்க?”

“உங்கட அம்மாட ரவிக்கையில எந்தக் கை, மேடம்?” என்றேன்.