காயம் இல்லாத கலியாணப் படம்

சீடி திறந்தது. உள்ளே இருந்த படம் திறக்கவில்லை. அக்கா என் கதிரைக்குப் பின்னால் நின்றபடி, சுளகில் அரிசிக்குக் கல் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் காணாமல்போய் இரண்டாவது கிழமை அது.

நான் அப்போது திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம், போட்டோக் கொப்பி அடிக்கலாம், இன்டர்நெட்டும் பார்க்கலாம். என் வேலை பெரும்பாலும் படங்களோடுதான். ஸ்கான் பண்ணின படம் பாரமாக இருக்கும், மெயிலில் போகாது. அதை ஜேபெக் ஆக்கிச் சின்னதாக்கி அனுப்ப வேண்டும். கனடா மாப்பிள்ளை பார்க்கப் போகிற பொம்பிளையின் படமும், விடிய வீட்டுக்குள் ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போன பிள்ளையின் படமும் ஒரே மாதிரித்தான் ஜேபெக் ஆகும். தொடக்கத்தில் சில முகங்களைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படத்தின் அளவை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அதனால்தான் அத்தானின் படத்தையும் என்னால் அப்படிப் பார்க்க முடிந்தது. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று அம்மா சொன்னாள். இருக்கலாம். அழுவதற்கு வீட்டில் ஆட்கள் தாராளமாக இருந்தார்கள், கம்பியூட்டர் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அத்தான் கட்டைபறிச்சான் ஆள். கலியாணம் முடித்துப் பாலையூற்றில் எங்கள் வீட்டோடு வந்திருந்தார். சீனன்குடாவில் வேலை. காலையில் சைக்கிளில் போவார், பின்னேரம் வருவார். என்னைக் 'கம்பியூட்டர் மச்சாள்' என்று கூப்பிடுவார், எனக்குக் கோபம் வரும். ஒருநாள் காலையில் போனவர் வேலைக்குப் போய்ச் சேரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. எந்தப் பொலிசில், முகாமில் கேட்டாலும், இங்கே கொண்டுவரவில்லை, அங்கே கேளுங்கள் என்றார்கள்.

காணாமல்போனவர்களின் விபரம் எடுக்கிற கந்தோர் ஒன்று மெயிலில் படம் கேட்டது. அடையாள அட்டை அவரோடு போய்விட்டது. கலியாண அல்பம் கட்டைபறிச்சானில் மாமி வீட்டில் இருந்தது. செல் குண்டடிக்குச் சனம் ஓடினபோது அதுவும் வீட்டோடு போயிற்று. மிஞ்சினது இந்தச் சீடிதான். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பிறேம் போடலாம் என்று, ஸ்டூடியோக்காரர் தான் வேலை செய்த படத்தை அப்படியே சீடியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அது படத்தைத் திருத்துகிற பெரிய புரோகிராமில் மட்டும் திறக்கிற வகை. எங்கள் கடையில் அந்தப் புரோகிராம் இல்லை. ஸ்டூடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்.

தேடிப் பார்த்ததில் ஒரு இணையத்தளம் கிடைத்தது. எந்த வகைப் படத்தையும் ஏற்றினால் கேட்கிற வகைக்கு மாற்றி, அதை இறக்கிக்கொள்ளும் இடத்தை மெயிலில் அனுப்பும். ஏற்றத் தொடங்கினேன். நீலக்கோடு பாதி வருவதற்குள் லைன் விழுந்தது. திரும்பவும் ஏற்றினேன், கரண்ட் போனது. அக்கா ஒரு தரமும் அலுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்படி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. மத்தியானம் தாண்டித்தான் மெயில் வந்தது. ஒரு படம் கேட்டிருந்தேன், ஒரு பொதியாகப் பல படங்கள் வந்திருந்தன.

முதலாவதைத் திறந்தேன். பின்னால் பனிமலை, முன்னால் குளமும் அன்னமும், நடுவில் அக்காவும் அத்தானும். வெளியே இவ்வளவு பெரிய துறைமுகம் கிடக்க, எங்கள் ஊர்ப் பொம்பிளை மாப்பிள்ளை எல்லாரும் பனிமலைக்கு முன்னால்தான் நின்றார்கள். துறைமுகத்தைப் படம் எடுத்தால் கமராவோடு ஆளையும் கொண்டுபோய்விடுவார்கள். அத்தான் பால்போல வெள்ளையாக இருந்தார். கன்னம் வழுவழு என்று இருந்தது.

"இதில அவரின்ட காயம் இல்லையே" என்றாள் அக்கா.

காயத்தை எடுக்கச் சொன்னதே அவள்தான். அத்தானுக்கு இடது காதடியிலிருந்து தாடைவரை ஒரு வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் புயல் காற்றுக்கு, கூரைத் தகரம் பறந்து வந்து வெட்டினது. ஆனால் எங்கள் பக்கத்து இளந்தாரிக்கு உடம்பில் தழும்பு இருந்தால், அது சண்டையில் பட்டது என்றுதான் ஆமி சொல்லும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒவ்வொரு செக் பொயின்றிலும் ஒருத்தன் அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பான். அத்தான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தகரத்தின் கதையைச் சொல்லுவார். வீட்டைச் சோதிக்க வருகிறவர்கள் சுவரில் இருக்கிற படத்தையும் விடமாட்டார்கள். ஆகையால் கலியாணப் படத்தில் தழும்பு வேண்டாம் என்று அக்கா ஸ்டூடியோவில் சொல்லிவிட்டாள். ஸ்டூடியோக்காரருக்கு அது புதினமான வேலையில்லை. வெள்ளையாக்குவதும் தழும்பை எடுப்பதும் ஒரே வேலைதான், இங்கே எல்லாரும் கேட்பார்கள் என்று சொன்னாராம். எங்கள் ஊர் அல்பங்களில் தழும்போடு ஒரு மாப்பிள்ளையைக் காண்பது அரிது.

மற்றப் படங்களையும் திறந்தேன். ஒன்றில் பனிமலை மட்டும் இருந்தது. இன்னொன்றில் அன்னம் மட்டும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டூடியோக்காரர் பழைய படத்தை அழிக்காமல், அதன் மேலேயே ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார். அந்தத் தளம் அடுக்கையெல்லாம் பிரித்துத் தனித்தனிப் படமாகத் தந்துவிட்டது. கடைசிப் படத்தில் மலையும் இல்லை, குளமும் இல்லை. ஸ்டூடியோவின் சாம்பல் நிறச் சீலைக்கு முன்னால் கறுத்த அத்தான், வேர்வையோடு, தலைப்பாகை கொஞ்சம் சரிந்தபடி நின்றார். காதடியிலிருந்து தாடைவரை தழும்பு அப்படியே இருந்தது.

அக்கா முன்னுக்கு வந்து அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தாள். மேலிருந்து கீழே மெல்ல இழுத்தாள். திரையில் விரல் அடையாளம் பட்டது. வேறு ஆளாக இருந்தால் திரையைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

"இதைத்தானே அனுப்பவேணும்?" என்று கேட்டேன். ஆளை அடையாளம் காண்பதற்குத்தானே படம் கேட்கிறார்கள்.

"வேண்டாம். எங்கயும் உயிரோட வச்சிருந்தாங்களெண்டா, இதைப் பாத்தா விடமாட்டாங்கள். வெள்ளைப் படத்தையே அனுப்பு."

அவள் சொன்னது சரி. சொல்லாமல் விட்டதும் எனக்கு விளங்கியது. உயிரோடு இருக்கிற ஆளுக்கு அந்தத் தழும்பால் கெடுதிதான். அதனால் பிரயோசனம் வருவதென்றால், பிரேதத்தை அடையாளம் காட்டத்தான். நான் வெள்ளை அத்தானை வெட்டி எடுத்துச் சின்னதாக்கி அனுப்பினேன். மற்றப் படத்தை என் மெயிலிலேயே போட்டு வைத்தேன்.

பிறகு வந்த மாதங்களைப் பற்றி எனக்குப் பெரிதாக ஞாபகம் இல்லை. அக்கா வெள்ளை அத்தானின் கொப்பிகளைக் கொண்டு ஆமி முகாம் முகாமாகப் போனாள். எங்கேயும் இப்படியொரு ஆள் இல்லை என்றார்கள். இருக்க நியாயமும் இல்லை, அப்படியொரு ஆள் உலகத்திலேயே இருக்கவில்லை. நான் கடைக்குப் போனேன், வந்தேன். ஊரில் ஆட்கள் குறையக் குறையக் கடையில் படங்கள் கூடின. அம்மா ஆஸ்பத்திரிப் பிரேத அறையிலும் ஒருக்கால் விசாரித்தால் என்ன என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அக்கா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அந்தக் கதை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமப் பொட்டு வைப்பதை அவள் ஒருநாளும் விடவில்லை.

பிறகு ஒருநாள் காலையில், கடையில் நல்ல சனமாக இருந்த நேரம், அக்கா தனியே வந்தாள். தலை முழுகி, ஈரத்தோடு முடிந்திருந்தாள். மற்ற ஆட்களின் முறை முடியும்வரை வாங்கில் குந்தியிருந்தாள். தன் முறை வந்ததும் எழும்பி, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மற்றப் படம் கிடக்கோ?"

"கிடக்கு. எங்க காட்டப் போறீங்கள்?"

"ஆஸ்பத்திரியில."

நான் மெயிலைத் திறந்தேன். தழும்பு மட்டும் தெரிய வெட்டித் தரட்டா என்று கேட்டேன். என் வாயில் வந்தது அதுதான். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. வேண்டாம், முழுப் படமாகவே தா என்றாள். பிரிண்டரில் முதலில் தலைப்பாகை வந்தது, பிறகு முகம் வந்தது. கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று, காகிதத்தை மறுபக்கம் திருப்பி மடிக்கப் போனேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி, முகம் வெளியே தெரியவே பிடித்துக்கொண்டாள்.

"மறைக்காத. இனி ஆர் பாத்தா என்ன?"

அப்படியே வீதியில் இறங்கி நடந்தாள். சந்தியில் செக் பொயின்ற் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அடுத்ததாக நின்ற ஐயா, வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அனுப்ப ஒரு படம் கொண்டு வந்திருந்தார். அதை வாங்கி ஸ்கானரில் வைத்து மூடினேன்.