எட்டாம் நம்பர் ஒயர்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபது வரை ஒழுங்காக எண்ணாமல் ஒரு விமானத்தையே கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வேறு. என்ன பிரயோசனம்? மூளையை அன்று சித்தியிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

பழனிசெட்டிபட்டியில் எட்டாம் நம்பர் வீடு சித்தப்பாவுடையது. பின்னால் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை. அங்கேதான் மூன்று வருடமாக, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கை, எஞ்சின், விசிறி எல்லாம் மாட்டியாயிற்று. பாக்கி ஒயரிங்தான்.

ஸ்டார்ட்டருக்குச் சிவப்பு, பெட்ரோல் பம்புக்கு மஞ்சள் என்று ஸ்கெட்ச் பேனாவால் நான் ஒரு படமே போட்டுக் கொடுத்தேன்.

“ஏழு ஒயருக்குக் கலரு கிடைக்கும். மிச்சத்துக்கு? ரோஸு, இளரோஸுன்னு போவியா?” என்றார் சித்தப்பா. எல்லாம் ஒரே வெள்ளை. ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே நம்பர்ச் சீட்டு. அதுதான் அவர் முடிவு.

அவர் உள்ளே உட்கார்ந்து, சுவிட்சுப் பக்கத்து முனையில் சீட்டு ஒட்டி, அதில் பேட்டரியைத் தொடுவார். எஞ்சின் பக்கம் நான் டெஸ்ட் பல்பை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்ப்பேன். எதில் எரிகிறதோ அதற்கு என் வரிசையில் அடுத்த சீட்டு.

“எரியுதா?”

“எரியுது!”

“ஒட்டு!”

நம்பரை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏழு முடிந்தபோது டீயோடு சித்தி வந்தாள். குச்சனூர்க்காரி. என் காதருகே குனிந்தாள்.

“ஏலே, எட்டு போடாத. சனீஸ்வரன் நம்பரு. அடுத்து ஒம்போதுன்னே ஒட்டு. அவுககிட்டச் சொல்லிராத, கத்துவாக.”

சனீஸ்வரன் ஊர்க்காரியே சொல்லும்போது நான் யார் மறுக்க? அதுவும் ரகசியம் என்றால் எனக்கு வெல்லக்கட்டி. எட்டாம் சீட்டை டவுசர் பையில் போட்டுக்கொண்டு, ஒன்பதை ஒட்டினேன். அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப்போயிற்று. இருபதாவது ஒயருக்கு என்னிடம் சீட்டே மிஞ்சவில்லை; ஆனால் கடைசி மூன்று ஒயரும் எதிலும் மாட்டாத உபரி என்பதால் யாருக்கும் பிசகு தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து ராவுத்தர் வந்தார். அவருடைய திராட்சைத் தோட்டத்தை ஒட்டி நீளமான தரிசு ஒன்று கிடந்தது. விமானம் ஓட அதைத்தான் சித்தப்பா கேட்டிருந்தார். ராவுத்தர் அதைத் தராவிட்டால் மூன்று வருட உழைப்பில் கோழி அடைய வேண்டியதுதான்.

விமானத்தை வெளியே இழுத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தோம். விசிறிப் பக்கம் யாரையும் சித்தப்பா விடவில்லை. வாலுக்குப் பின்னால் சித்தி காயப்போட்ட மிளகாய் வற்றல்.

“தம்பி, இதெல்லாம் ஆகுற கதையா?” என்றார் ராவுத்தர்.

சித்தப்பா உள்ளே ஏறி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக் காட்டினார். “இன்னைக்குச் சும்மா பாருங்க ராவுத்தரே. இது பம்பு. இது, எட்டாவது, லைட்டு. லைட்டு இன்னும் கூரியர்ல வரல.”

இல்லாத லைட்டுதானே என்று அந்தச் சுவிட்சைத் தட்டினார். எது எதற்கு என்று அவர் எழுதிய பட்டியல்படி, எஞ்சின் பக்கம் ஒன்பது ஒட்டிய ஒயரை ஸ்டார்ட்டரில் மாட்டியிருந்தோம். நான் ஒன்பது ஒட்டிய அந்த ஒயரோ, சுவிட்சுப் பக்கம் அவருடைய எட்டு.

எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது! விசிறி கண்ணுக்கே தெரியவில்லை. மிளகாய் வற்றல் செம்மேகமாய் எழும்பியது, ராவுத்தரின் தொப்பி பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிற்று. விமானம் கல்லை முட்டிக்கொண்டு துடித்தது. நிறுத்தும் சுவிட்சும் இடம் மாறியிருந்ததால், சித்தப்பா தட்டித் தட்டிப் பார்த்தும் அது நிற்கவில்லை. நான் தும்மிக்கொண்டே குதித்தேன். சித்திதான் நேரே ஓடிப்போய், இறக்கைக்கு அடியில் கையை விட்டு பெட்ரோல் குழாயைத் திருகி மூடினாள்.

எஞ்சின் நின்றது. கண்ணில் நீர் வழிய ராவுத்தர் சிரித்தார்.

“இல்லாத லைட்டுக்கே இம்புட்டு ஆட்டமா! நிலத்த எடுத்துக்கய்யா!”

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. மிளகாய் போன வருத்தம் என்று நினைத்தேன்.

“எட்டு எங்கடா?” என்றார் சித்தப்பா. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சித்தியைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலையில் எட்டுக் கொட்டு, வாய்விட்டு எண்ணி. அந்த வரிசையில் ஒன்றுகூட விடுபடவில்லை.

எல்லாச் சீட்டையும் மாற்றி ஒட்டிய பின், அடுத்த மாதம் ராவுத்தர் தரிசில் விமானம் ஓடியது. ஓர் ஆள் உயரம் எழும்பியது! நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன். சித்தி அன்று வரவில்லை, குச்சனூர்க் கோயிலில் இருந்தாள்.

பதினைந்து வருடம் அந்தப் பட்டறையில் காயில் சுற்றியவள் அவள். நாலு முனையைக் கையில் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு எது எதனுடையது என்பாள். ஒரு நம்பர் தள்ளினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? இது எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆயிற்று. போன பொங்கலுக்குப் போனபோது, வாசல் கதவில் நம்பருக்குப் புதிதாய்ப் பெயின்ட் அடித்திருந்தது. உள்ளே சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் சித்தி, எட்டு ஆகாதுன்னீகளே. இந்த வீட்டு நம்பரே எட்டுதான?”

சித்தி நிமிரக்கூட இல்லை.

“வீடு பறக்காதுல்ல.”