எங்கேருந்து, எங்கே

“எங்கேருந்து? திருச்சியிலேருந்து. எங்கே? மெட்ராஸுக்கு.”

விசைப்பலகையில் ஒரு வரியை அடித்து முடித்ததும் அமிர்தசாமி இப்படி வாய்விட்டுச் சொல்கிறார். அதன் பிறகும் விரல் இறங்குவதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பச்சை எழுத்துகளில் மூக்கு முட்டும்படி குனிந்து இன்னொரு தடவை படிக்கிறார். பிறகுதான் கடைசி விசை. மேசையோரத்து மோடம் பெட்டி டெலிபோனில் மெட்ராஸைக் கூப்பிட்டு, கீச்சென்று இழுத்து, அடங்குகிறது. “புடிச்சிட்டான். இனி அவனுங்க ரெண்டு பேரும் பேசிக்குவானுங்க” என்று நாற்காலியில் சாய்கிறார்.

கண்டோன்மென்ட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியின் கிளை அலுவலகம். அமிர்தசாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மேலப்புதூர்க்காரர். டெலிபிரின்டரில் தட்டிக்கொண்டிருந்தவரை, எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்தபோது, தட்டத் தெரிந்தவர் என்பதாலேயே அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஏ.சி. அறைக்குள் செருப்பு போடமாட்டார்; கழுத்தில் மஃப்ளர் மட்டும் வருஷம் முழுக்க உண்டு. இங்கே இருக்கும் கம்ப்யூட்டர் அவருக்கு ‘நம்மாளு’. மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் இருப்பது ‘பெரியவன்’. லைன் கிடைக்காத நாளில், “பெரியவன் இன்னைக்கு மூஞ்சி குடுக்க மாட்டேங்கறான்” என்பார்.

பம்புசெட் பழுதான விவசாயிகள் கார்டில் எழுதித் தரும் விவரங்களை வஹீதா என்ற பெண் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். மாதக் கடைசியில் அந்த ஃபைலை மெட்ராஸுக்குப் பிரதி அனுப்புவது அமிர்தசாமியின் வேலை. அதைப் பார்த்துத்தான் உதிரிபாகங்கள் வரும். கட்டளை ஒரே வரி. முதலில் எடுக்கிற இடம், அடுத்தது போடுகிற இடம். மாற்றி அடித்தால் கம்ப்யூட்டர் ஏனென்று கேட்காது. அங்கே கிடக்கும் பழையதைக் கொண்டுவந்து இங்கே இருக்கும் புதியதன்மேல் எழுதிவிடும்.

போன வருஷம் ஒருநாள் அமிர்தசாமி மாற்றி அடித்தார்.

நான் கேட்டு வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி. பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று சொன்னபோது, “எழுதுறதா இருந்தா இதை எழுதுங்க” என்று அவராகவே ஆரம்பித்தார். காய்ச்சல், தூக்கமின்மை என்று காரணம் ஏதும் சொல்லவில்லை. “தெரிஞ்சவன்ங்கற திமிருங்க. வேற என்ன?”

விசையைத் தட்டிய பிறகுதான் வரியைப் படித்திருக்கிறார். அதற்குள் வஹீதாவின் ஒரு மாத உழைப்பு அழிந்துவிட்டது. ஃப்ளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் அமிர்தசாமியின் பொறுப்புதான். அந்த மாதம் எடுக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் ஃபைலைத் திறந்து பார்த்தார். முந்தின மாதத்துக்குப் பின் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறாய் என்று வஹீதாவிடம் சொன்னார். எல்லாவற்றையும் ஏற்றியதாக அந்தப் பெண் சொல்ல, திரையைத் திருப்பிக் காட்டினார். வஹீதா திரையைப் பார்க்கவில்லை, அமிர்தசாமியைப் பார்த்தார். அமிர்தசாமி கண்ணாடியைக் கழற்றி மஃப்ளர் முனையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வஹீதாவுக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். அவர் சம்பளத்தில்தான் பாலக்கரையில் ஒரு குடும்பம் நடக்கிறது. இனி வரவேண்டாம் என்று மேனேஜர் சொன்னதும், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உதிரிபாகம் வராமல் வையம்பட்டிப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் இருந்தும் பயிர் காய்ந்தது. அமிர்தசாமி வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். “சோறு எறங்கிச்சுங்க. அதைத்தான் சொல்லிக்க முடியல.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்கப் போனபோது, பாவத்தோடு அதை வாங்கக் கூடாதென்று இவர் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. பூசை முடிந்ததும் வீட்டுக்கும் போகாமல் பஸ் ஏறி, பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மேனேஜர் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். மேனேஜர் கோபப்படவில்லை. உள்ளேயிருந்து காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

“மெட்ராஸுக்கு ரிப்போர்ட் பண்ணியாச்சு. இப்ப மாத்தினா ரெண்டு பேருக்கும் அசிங்கம். அந்தப் பொண்ணுக்கு வேற எடம் கெடைக்கும், விட்டுடுங்கோ.”

அமிர்தசாமி அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிற்று. “குடிச்சேங்க. நல்லாவும் இருந்துச்சு.”

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஃபைல் திறந்தார். தப்பு தன்னுடையது, வஹீதா எல்லாம் ஏற்றியிருந்தார், மேனேஜருக்கும் தெரியும் என்று அரைகுறை இங்கிலீஷில் அடித்தார். எங்கேருந்து, எங்கே என்று முதன்முதலாக அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாராம். விசையைத் தட்டினார். போனதைத் திருப்பி இழுக்க வழியில்லை.

வஹீதாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது. அமிர்தசாமிக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி வராமல் போனது. மேனேஜர் இன்றுவரை அவரோடு பேசுவது ப்யூன் மூலமாகத்தான். அதையெல்லாம் அவர் ஒரு மூச்சில் சொல்லிக் கடந்துவிட்டார். அவர் மனசில் நிற்பது வேறொன்று.

உத்தரவு வந்த அன்று அவரே பாலக்கரைக்குப் போய் வஹீதா வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். நான்தாம்மா மாத்தி அடிச்சிட்டேன் என்று தொடங்கியதும் வஹீதா தலையை அசைத்தார்.

“தெரியும் சார். நீங்க அடிக்கறப்ப நான் உங்க பின்னாடிதான் நின்னேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்.”

அமிர்தசாமி மோடம் பெட்டியைப் பார்த்தபடியே இதை என்னிடம் சொன்னார். “திட்டியிருந்தா தேவலைங்க. நான் சொல்லிடுவேன்னு அது நம்பி நின்னிருக்கு. நான் கண்ணாடி தொடைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அழிந்த விவரங்களைப் பழைய கார்டுகளைப் பார்த்து வஹீதா மறுபடியும் ஏற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னவர் அமிர்தசாமி. வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை என்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. கையில் கார்டுக் கட்டோடு மெலிந்த ஒரு பெண் உள்ளே வந்தார். அமிர்தசாமி பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து நின்றார்.

“உக்காருங்க சார்” என்றார் வஹீதா. தினமும் சொல்லிப் பழகிய குரல்.

அவர் உட்காரவில்லை. அந்தப் பெண் தன் இடத்துக்குப் போய், நாற்காலியை இழுத்து, கட்டைப் பிரித்து, உட்கார்ந்து முடிக்கும்வரை மஃப்ளரைக் கையில் எடுத்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.