டிரங்க் கால் முடிவதற்குள்

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசைத் திறந்ததும் எங்கள் முதலாளி மெட்ராஸுக்கு ஒரு டிரங்க் கால் புக் பண்ணுவார். லைன் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தால் மணி மற்ற நாள்களைவிட நீளமாக அடிக்கும். அந்தப் பக்கம் பேசுவது முதலாளியின் மைத்துனர். கோவில்பட்டியைச் சுற்றி நிலம் வாங்கி, கல் நட்டு, மனைகளாகப் பிரித்துத் தவணைக்கு விற்கும் எங்கள் தொழிலில் பாதிப் பணம் அவருடையது. அடுத்து எங்கே நிலம் வாங்கலாம் என்று இங்கிருந்து முதலாளி சொல்வார். வாங்கலாமா வேண்டாமா என்று அங்கிருந்து அவர் சொல்வார். அதற்காக அவர் கேட்கும் கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்ன ஊர் மனையில், இன்ன மாதத்திலிருந்து இதுவரை, எவ்வளவு வசூல்?

மூன்று நிமிடம் ஆனதும் எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டணுமா?” என்பார். “வேண்டாம் தாயி,” என்று முதலாளி உடனே போனை வைத்துவிடுவார். தீப்பெட்டித் தொழிலில் பசை மாவுக்குக்கூடக் கணக்குப் பார்த்து மேலே வந்த மனிதர். இன்னொரு மூன்று நிமிடத்துக்குக் காசு கொடுக்க அவருக்கு மனம் வராது.

அவருடைய வீடு ஆபீசுக்குப் பின்கட்டு. நீள மணி கேட்டதும் முதலாளியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி இடைக்கதவுக்கு வந்து நிற்பார். தம்பியோடு ஒரு வார்த்தை பேசலாம் என்ற ஆசை. ஆனால் ஒரு கேள்விக்கு இங்கே பக்கம் புரட்டித் தேடுவதற்குள்ளேயே நேரம் முடிந்துவிடும். போன் வைக்கிற சத்தம் கேட்டதும் அவர் அடுப்படிக்குத் திரும்பிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமையே இதைப் பார்த்தேன். என் வேலைப் பட்டியலில் அது இல்லை என்பதால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கணிதத்தில் பட்டம் வாங்கி, மதுரையில் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்துவிட்டு, கயத்தாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கியது முதலாளியின் ஆசை. தீபாவளிக்குள் வேண்டாம் என்று தோன்றினால் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்ற கம்பெனி சொல்லியிருந்தது. மைத்துனர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை முதலாளி என்னிடம் ஒளிக்கவில்லை.

“நான் கேக்குத கேள்விக்கு, போனை வைக்கதுக்குள்ள பதில் வரணும்ங்கான் மாப்ள. தீபாவளி வரைக்கும் பாப்பானாம். வரலைன்னா மெசினைக் கட்டி அனுப்பிருங்க, கூடவே அந்தப் பிள்ளையையும் அனுப்பிருங்கங்கான்.”

“என்னையும் கட்டியா முதலாளி?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் படிப்புக்கு ஏற்ற வேலை என்று அந்த ஊரில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அது போனால் மதுரைக்கோ மெட்ராஸுக்கோ போக வேண்டும், அல்லது வீட்டில் இருக்க வேண்டும்.

எங்கள் கணக்கப்பிள்ளை அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. அவர் விரல் பக்கத்தின் மேலிருந்து கீழே இறங்குகிற நேரத்தில் கூட்டல் முடிந்திருக்கும். ஆனால் அவருடைய பேரேடு ஆள்வாரியாக இருந்தது, கேள்வியோ ஊர்வாரியாக வந்தது. பசுவந்தனை ரோட்டு மனைக்கு மட்டும் மொத்தம் வேண்டும் என்றால் மனை வாங்கிய அத்தனை பேர் பக்கத்தையும் அவர் திறந்தாக வேண்டும்.

நான் கோடை முழுவதும் உட்கார்ந்து பழைய ரசீதுகளை எல்லாம் மெசினில் ஏற்றினேன். ஒரு தவணை ரசீதுக்கு ஒரு வரி: தேதி, எந்த ஊர் மனை, மனை எண், வாங்கியவர் எண், தொகை. கடைசி ரசீதையும் ஏற்றிய அன்று, பசுவந்தனை மொத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். மெசின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியது. கயத்தாற்று ரசீது ஒவ்வொன்றையும் எடுத்து, நீ இல்லை என்று ஒதுக்கிவிட்டு, அடுத்ததற்குப் போனது. அதற்குள் முதலாளி காப்பி குடித்து, பேப்பர் படித்து, ஒரு தரகரிடம் சண்டையும் போட்டு முடித்துவிட்டார்.

“என்னம்மா, உன் மெசின் பசுவந்தனைக்கு நடந்தே போயிருக்கோ?” என்றார் கணக்கப்பிள்ளை. “பஸ்ஸுல அனுப்பியிருந்தா இன்னேரம் வந்திருக்கும்லா.”

“வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி.”

அப்போது கரண்ட் போனது. அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பேரேட்டைத் திறந்தார். கேலி செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிக்கத் தெரியும். என்னென்ன செய்யலாம் என்று எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ரசீதுகளை ஊர்வாரியாக அடுக்கிவைக்கலாம். அடுக்குவதற்கே ஒரு மத்தியானம் ஆகும், மறுநாளே புது ரசீது வந்து வரிசையைக் கெடுக்கும். எந்த ஊர் வரி எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைக்கலாம். தேடுவது குறையும், கண்டுபிடித்த வரிகளை எல்லாம் கூட்டுவது குறையாது. வியாழக்கிழமையே எல்லா மொத்தமும் போட்டு அச்சடித்து வைக்கலாம். ஆனால் அவர் சித்திரையிலிருந்து என்பாரா, ஆடியிலிருந்து என்பாரா என்று யாருக்குத் தெரியும்?

பட்டியல் முழுவதையும் அடித்தபிறகுதான் உருப்படியான கேள்வி வந்தது. கேட்கும்போது ஏன் கூட்ட வேண்டும்?

எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகளில் யாரும் குச்சியை எண்ணுவதில்லை. குச்சி அடுக்கி முடித்த மரச் சட்டத்தை, அதாவது கட்டையை, எண்ணுவார்கள். ஒரு கட்டைக்கு எத்தனை குச்சி என்பது அடுக்கும்போதே தீர்ந்த கணக்கு. அதுபோல ரசீது உள்ளே வரும்போதே கூட்டிவிட்டால் என்ன? சின்னதாக இன்னொரு ஃபைல் திறந்தேன். ஓர் ஊர் மனைக்கு ஒரு மாதத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான். ரசீதை ஏற்றும்போதே அதன் தொகை அந்த வரியிலும் போய்ச் சேரும்படி புரோகிராம் எழுதினேன். சித்திரையிலிருந்து பசுவந்தனை என்று கேட்டால் இனிமேல் பெரிய ஃபைலைத் திறக்கவே வேண்டாம். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில வரிகளைக் கூட்டினால் போதும்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மைத்துனர் கேட்ட கேள்வியை முதலாளி எனக்குத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் பதில் திரையில் நின்றது. முதலாளி அதைப் படித்தார். மெட்ராஸ் பக்கம் சத்தமே இல்லை.

“என்ன மாப்ள, இருக்கியா?”

“இருக்கேன் அத்தான். எழுதி வச்சுப் படிக்கியளோ?”

அதற்குப்பிறகு மீதி நேரம் முழுவதையும் அவர் கேள்விகளாலேயே நிரப்பினார். நம்பவில்லை என்று தெரிந்தது. இடைக்கதவில் நின்ற முதலாளியம்மா வழக்கம்போலத் திரும்பிப் போனார். அடுத்தடுத்த வெள்ளிகளிலும் பதில் உடனுக்குடன் போனது. ஆபீசில் தரும் தீபாவளிச் சேலைக்கு நான் நிறம்கூட யோசிக்கத் தொடங்கினேன்.

ஐப்பசியில் மழை விழுந்தது.

வெயில் காலத்தில் கரிசல் நிலம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். மனை பார்க்க வருபவர்கள் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, “என்னா கெட்டி!” என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மழைக்குப் பிறகு அதே ஆட்கள் தங்கள் மனையைப் பார்க்கப் போய், அப்படியே எங்கள் ஆபீசுக்கு வருவார்கள், முழங்கால்வரை கறுப்புச் சேற்றோடு. அந்த மண் காலைப் பிடித்தால் விடாது.

முதல் மழைக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை, மைத்துனர் பசுவந்தனை மொத்தத்தைக் கேட்டார். சொன்னேன். “இப்ப கணக்கப்பிள்ளைகிட்ட போனைக் குடுங்க,” என்றார். அதே கணக்கைப் பேரேட்டிலிருந்து போட்டுவைக்கும்படி அவருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் எழுதியிருக்கிறார். கணக்கப்பிள்ளை படித்த தொகை வேறாக இருந்தது. என்னுடையதைவிடக் குறைவு.

“அத்தான், மெசின் ஒண்ணு சொல்லுது, இவிய ஒண்ணு சொல்லுதாவ. எதை நம்பி நான் நிலம் வாங்க?” மைத்துனர் குரல் எனக்கே கேட்டது. நேரம் முடிந்து போன் வைக்கப்பட்டது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. “அடுத்த வெள்ளிதான் கடைசி. அதுக்கு மறு வெள்ளிக்குள்ள தீபாவளி வந்துரும்,” என்று மட்டும் சொன்னார்.

“என் கூட்டல் தப்பாது,” என்றார் கணக்கப்பிள்ளை. “உன் மெசினும் தப்பாதுங்குத. அப்ப ரூவாய எலியா தூக்கிட்டுப் போச்சு?”

சனிக்கிழமை காலை, பெரிய ஃபைலை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் ஊர்வாரியாகக் கூட்டவிட்டேன். மெதுவாக நடந்தாலும் அது பொய் சொல்லாது. நல்லவேளை, கரண்ட் இருந்தது. வந்த விடைகளைச் சின்ன ஃபைலின் பக்கத்தில் வைத்தேன். எல்லா ஊரும் சேர்ந்த மொத்தம் கடைசி ரூபாய்வரை சரியாக இருந்தது. பசுவந்தனையில் மட்டும் சின்ன ஃபைல் கூடுதலாகக் காட்டியது. கயத்தாற்றில் அதே அளவு குறைவு. அப்படியென்றால் பணம் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. எப்படி மாறும்?

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் காலில் ஒற்றைச் செருப்பு.

“அண்ணாச்சி, எங்களுக்கு அந்தப் பசுவந்தனை மனை வேண்டாம்,” என்றார் கணவர். “இவ செருப்பு இன்னும் அங்கனதான் புதைஞ்சு கெடக்கு.”

“கெடக்கட்டும்,” என்றார் கணக்கப்பிள்ளை. “பொறவு தோண்டும்போது புதையல்னு மனை வெலை ஏறும்லா.”

“புதையலை நீங்களே வச்சுக்கிடுங்க,” என்றார் மனைவி. “எங்களுக்குக் கயத்தாறு ரோட்டுச் சரள் மேட்டுல ஒரு மனை மாத்திக் குடுங்க. அங்கன தண்ணி நிக்காதாம்லா. இதுவரை கட்டுன தவணை கட்டுனதாவே இருக்கட்டும்.”

கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். “யம்மா, இவிய ரசீதை எல்லாம் எடுத்து, பசுவந்தனைய அழிச்சிட்டுக் கயத்தாறுன்னு போட்டுரு. மழை பெஞ்சதுல இருந்து நாலஞ்சு பேருக்குப் போட்டியே, அது மாதிரி.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

அந்த நாலைந்து பேருக்காகப் பெரிய ஃபைலில் பழைய வரிகளின் ஊரை மாற்றியிருந்தேன். அந்த ரசீதுகள் வந்த நாளிலேயே அவற்றின் தொகை பசுவந்தனை வரியில் ஏறிவிட்டது. அவை கிளம்பிப் போன சேதியைச் சின்ன ஃபைலுக்கு யாரும் சொல்லவில்லை. வெயில் காலத்தில் ஒருவரும் மனை மாற்றியதில்லை என்பதால் ஆவணியில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. மழை வந்ததும் மனை மாறியது, மனை மாறியதும் மொத்தம் கெட்டது.

“அண்ணாச்சி, இனிமே எதையும் அழிக்கப்பிடாது,” என்றேன்.

“பொறவு இவிய எப்படிக் கயத்தாறு போவாவ?”

“ரெண்டு சீட்டு போடுவோம். பசுவந்தனையில இவ்வளவு கழிவு. கயத்தாறுல அதே அளவு வரவு. பழைய ரசீது இருந்த இடத்துலயே இருக்கட்டும்.”

அவர் தன் பேரேட்டைத் தட்டிக் காட்டினார். “பற்று வரவு மாதிரிங்குத. அதை மொதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாம்லா!”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் எதைப்பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் தலைக்குள் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. ரசீது எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறதோ, மாற்றுச் சீட்டும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாசலைத் தாண்டும் எதுவும் சின்ன ஃபைலில் கழிக்காமலோ கூட்டாமலோ போகக் கூடாது. திங்களன்று அதை எழுதி முடித்தேன். அதுவரை மாறிய மனைகளுக்கெல்லாம் பழைய வரியைப் பழையபடி ஆக்கி, இரட்டைச் சீட்டுப் போட்டேன். அந்த வாரம் முழுவதும் மழை விடவில்லை. சேற்றுக் கால்கள் வந்துகொண்டே இருந்தன. தினமும் சாயங்காலம் பெரிய ஃபைலை மெதுவாகக் கூட்டவிட்டு, சின்ன ஃபைலோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஒருநாளும் ஒரு ரூபாய் பிசகவில்லை.

வெள்ளிக்கிழமை நீள மணி அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கணக்கப்பிள்ளை தன் தாளோடு பக்கத்தில் நின்றார். இடைக்கதவில் முதலாளியம்மா.

பசுவந்தனை, சித்திரையிலிருந்து. சொன்னேன். கணக்கப்பிள்ளை தாளில் ஒரு டிக் போட்டார். கயத்தாறு, அதே மாதத்திலிருந்து. சொன்னேன். இன்னொரு டிக். பாஞ்சாலங்குறிச்சி போகிற வழியில் உள்ள மனை, ஆடியை மட்டும் விட்டுவிட்டு. முதலாளி கேள்வியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். மூன்றாவது டிக்கைக் கணக்கப்பிள்ளை கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

“அப்ப போன வாரம் மட்டும் ஏன் தப்புச்சு?” என்றார் மைத்துனர்.

“மழையில மனை மாறுனதைத் தனியாப் பதியலை,” என்று நானே ரிசீவர் பக்கம் குனிந்து சொன்னேன். “இப்ப பதிஞ்சாச்சு. பசுவந்தனையில இருந்து சரள் மேட்டுக்கு எவ்வளவு போயிருக்குன்னும் சொல்லட்டுமா?”

யாரும் என்னிடம் கேட்காத மொத்தம் அது. கழிவுச் சீட்டுகளை மட்டும் கூட்டினால் வந்துவிடும். சொன்னேன். மைத்துனர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

“இது கணக்கப்பிள்ளை பேரேட்டுல இருக்கா?”

“நான் பக்கத்தை மாத்திக் கட்டிட்டேன், அவ்வளவுதான்,” என்றார் கணக்கப்பிள்ளை உரக்க. “இது இந்தப் பிள்ளைகிட்டதான் இருக்கு.”

மைத்துனர் அதைத் தாளில் எழுதிக்கொள்வது தெரிந்தது. பிறகு, “அத்தான், சரள் மேட்டை ஒட்டி ஒரு நிலம் சொன்னியளே, அதை முடிச்சிருங்க. மெசின் இருக்கட்டும். அந்தப் பிள்ளையும் இருக்கட்டும்.”

“சரி. வேற?”

“வேற… வேற ஒண்ணுமில்ல அத்தான்.”

முதலாளி ரிசீவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காசு கொடுத்த நேரம் கையில் மிஞ்சி இருப்பது அவருக்குப் புதுசு. சட்டென்று இடைக்கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, இங்கன வா. உன் தம்பி.”

முதலாளியம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஏலே, ஒரு தீபாவளிக்காவது இங்கன எட்டிப் பாக்கணும்னு தோணலையால உனக்கு? மனை மனைன்னு மண்ணையே கேக்குதியே, அக்கா மனுசியா தெரியலையோ?” என்று ஆரம்பித்தார். ஒரு வருஷத்து வசவையும் வரிசையாக இறக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து “அக்கா, அக்கா” என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்தார். “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டணுமா?”

முதலாளியம்மா பாதிச் சொல்லோடு நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். முதலாளி குனிந்து போனுக்குள் சொன்னார்:

“நீட்டுங்க தாயி.”

கணக்கப்பிள்ளை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “இதைக் காதால கேக்குததுக்குக் குடுத்து வச்சிருக்கணும்,” என்றார் என்னிடம் மெல்ல.

அன்று மத்தியானமே கம்பெனிக்குக் கடிதம் போனது, மெசினை எடுக்க ஆள் வர வேண்டாம் என்று. மெசினுக்கு மேலே ஒரு ஃபேன் மாட்டச் சொல்லி எலக்ட்ரீசியனுக்கும் ஆள் போனது.

“மெசினுக்குக் காத்து வந்துட்டு,” என்றார் கணக்கப்பிள்ளை. “எனக்கு?”

“உங்க நாற்காலியையும் இங்கன இழுத்துப் போட்டுக்கோங்க அண்ணாச்சி.”

அவர் உண்மையிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே மறுபடி தூறல் பிடித்தது. வாசலில் ஒருவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்.

“பசுவந்தனையா? உள்ள வாங்க,” என்று சொல்லிக்கொண்டே இரண்டு சீட்டுகளை எடுத்தேன்.