மகளின் மைக்ரோஸ்கோப்புக்குப் புது லேசர்

இன்று மகளின் ஆய்வுக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இருட்டாக இருக்கிறதே என்று உள்ளே நுழைந்ததும் லைட்டைப் போட்டுவிட்டேன்.

"அப்பா, அணைங்கப்பா. லேசர் மாத்திக்கிட்டு இருக்காங்க."

ஆரப்பாளையத்தில் கடை வைத்து இருபது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். சுவிட்சைப் பற்றி எனக்கே பாடம்.

கான்ஃபோகல் என்கிற அந்த மைக்ரோஸ்கோப்பில் லேசர் பழசாகி ஒளி மங்கிவிட்டது. ஆறு மாதமாக அவள் ஆராய்ச்சி நகரவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் தம்பி புதியதைப் பொருத்தினார். திருகைக் கால் சுற்று திருப்புவார், மீட்டரைப் பார்ப்பார், மறுபடியும் கால் சுற்று. ஒரு மணி நேரம் இதேதான்.

கடைசியில் திரையில் செல்கள் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்தன. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் நான் மிக்சியைச் சரிசெய்தால், "இன்னும் சத்தம் வருதுப்பா" என்பாள்.

காலி டிபன் கேரியரைக் கையில் கொடுத்தபடி கேட்டாள்: "அவருக்கு எம்புட்டுப் பொறுமை, பாத்தீங்களாப்பா?"

"ஆமாம்மா, நல்ல வேலைக்காரர்" என்றேன். வயிற்றெரிச்சலோடுதான். மற்ற அப்பாக்களுக்கும் இது உண்டா, சொல்லுங்கள்.

சொல்லாமல் விழுங்கியது ஒன்று: நானும் அப்படித்தான் வேலை பார்ப்பேன், ஒருநாள் கடைக்கு வந்து பாரும்மா.